மூணாவது ராடு

வண்டிச் சத்தத்தில் எனக்குத் தெரிந்தது ரெண்டே வகைதான். ஓடுகிற சத்தம், ஓடாத சத்தம். 2019 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றாவதாக ஒரு வகை இருப்பது தெரிந்தது.

கொல்கத்தாவில் டிசம்பர் மாதம்தான் மனிதன் வியர்க்காமல் வெளியே போக முடியும். வீட்டுக்காரர் மேசோமஷாயின் ஃபோர்டில் சதர்ன் அவென்யூ மரங்களுக்கு நடுவே முப்பது மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். (மைல்தான். அந்த மீட்டருக்குக் கிலோமீட்டர் தெரியாது.) சிக்னலுக்காக அவர் ஆக்சிலேட்டரை விட்டதும் கீழேயிருந்து யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது போல டக் டக் டக் டக். மறுபடி மிதித்தால் மறைந்தது. விட்டால் வந்தது.

மேசோமஷாய் ஒன்றும் சொல்லவில்லை. பத்து மைல் வேகத்தில், நடந்து போகிறவர்கள் முந்திப் போகிற மாதிரி, வீடு வரைக்கும் ஓட்டிவந்தார். கராஜ் கதவைச் சாத்திவிட்டு, "பேரிங்" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு மதியம் அவர் சாப்பிடவில்லை என்று மாஷிமா சொல்லித்தான் தெரியும்.

மேசோ என்றால் இங்கே அம்மாவுடன் பிறந்தவளின் கணவர். நம் கணக்கில் பெரியப்பா அல்லது சித்தப்பா. லேக் மார்க்கெட் பக்கத்தில் அவர் வீட்டு மாடியில் நாங்கள் குடிவந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு அப்போது 79 வயது. வண்டிக்கு 89. 1930ஆம் வருஷத்து மாடல் ஏ ஃபோர்டு. அவருடைய அப்பா ஒரு தேயிலைக் கம்பெனி துரையிடமிருந்து வாங்கியது. ஃபோர்டு கம்பெனி கனடா கிளை வழியாக 1926லேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1950களில் மூட்டை கட்டியது, 1995ல் மறுபடி வந்தது, நம் மறைமலை நகரில் தொழிற்சாலை போட்டது, 2021ல் மறுபடி மூட்டை கட்டப் போவதாக அறிவித்தது. இந்த வண்டி மட்டும் எங்கும் போகவில்லை. கராஜிலேயே இருந்தது.

ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1968ல் கொல்கத்தாவில் ஆரம்பித்த பழைய கார் ராலியில் இந்த வண்டி பல தடவை ஓடியிருக்கிறது. அதற்கான ஒத்திகைதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. மேசோமஷாய்க்குக் கண்ணில் புரை வளர ஆரம்பித்திருந்தது. இந்தத் தடவை ஓட்டிவிட்டுத்தான் ஆபரேஷன் என்று பிடிவாதமாக இருந்தார். மாஷிமாவோ, டெல்லியிலிருந்து ஒரு வியாபாரி அடிக்கடி போன் பண்ணுகிறான், அவனிடம் தள்ளிவிட்டால் நிம்மதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் வந்ததும் அந்தப் பக்கத்துக்குப் பலம் கூடிவிட்டது.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். வேலை பார்ப்பது கம்ப்யூட்டரில். ரெஞ்ச் பிடித்துப் பல வருஷம் ஆச்சு. ஆனால் 'இன்ஜினியர் மாடியிலேயே இருக்கிறாரே' என்று மாஷிமா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மானப் பிரச்னை ஆகிவிட்டது. :)

அன்று ராத்திரி வழக்கம்போல ஊருக்கு போன் பேசினேன். எனக்கும் அப்பாவுக்கும் நடக்கிற உரையாடல் இருபது வருஷமாக ஒன்றுதான். உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும்.

"ஏங்கண்ணு, சாப்டாச்சா?"

"ஆச்சுங்கப்பா."

"அங்க மழையா?"

"இல்லீங்கப்பா."

"செரி, அம்மாகிட்டக் குடுக்கறேன்."

அன்றைக்கு அவர் அம்மாவிடம் கொடுப்பதற்குள், "அப்பா, ஒரு பழைய வண்டியில சத்தம்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி.

"எப்ப வருது? மிதிக்கையிலயா, உடறப்பயா?"

"உடறப்பங்கப்பா."

"அப்ப ராடு. மேட்டுல இழுக்கையில திம்முனு வந்தாத்தான் மெயினு. எந்த ராடுன்னு பாத்தயா?"

அப்பா 1961ல், பதினாறு வயதில், பொள்ளாச்சியில் ஒரு பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தவர். நான் விவரம் தெரிந்து பார்த்தபோது அவர் ஸ்டோர்ஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா. அதற்கு முந்தைய பதினைந்து வருஷத்தைப் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

எந்த ராடு என்று கண்டுபிடிப்பது இந்த வண்டியில் சுலபம். மற்ற வண்டிகளில் பிளக்குக்கு ஒயர் போகும். மாடல் ஏ வண்டியில் டிஸ்டிரிபியூட்டரிலிருந்து பிளக்குக்குச் சின்னப் பித்தளைப் பட்டைதான். மரப்பிடி ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சின் தலையில் வைத்து, கம்பியை அந்தப் பட்டையில் சாய்த்தால் அந்த சிலிண்டரில் பொறி நின்றுவிடும். மறுநாள் அப்பா சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். ஒன்று, ரெண்டு: சத்தம் அப்படியே. மூன்றில் வைத்ததும் சத்தம் பாதியாக அடங்கியது. எடுத்ததும் வந்தது.

ஆயில் சேம்பரை இறக்கினோம். அடியில் எண்ணெயோடு வெள்ளி ஜரிகை போலத் தூள் மின்னிக்கொண்டிருந்தது. அழகாகவே இருந்தது. மேசோமஷாய் அதை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போதைய வண்டிகளில் கிராங்க் ஷாஃப்டைச் சுற்றி ரெண்டு அரைவட்ட ஓடுகள் இருக்கும். தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டு புதுசு போடலாம். இந்த ஃபோர்டு காலத்தில் அந்த ஓடு கிடையாது. ராடிலேயும் இஞ்சின் பிளாக்கிலேயும் ஒயிட் மெட்டலை உருக்கி நேராக ஊற்றிவிடுவார்கள். பெரும்பாலும் வெள்ளீயம், கொஞ்சம் ஆன்டிமனி, கொஞ்சம் செம்பு. 1839ல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அதனால் பாபிட் மெட்டல் என்றும் பெயர்.

மெத்தென்ற உலோகம். அதுதான் அதன் குணமே. எண்ணெயில் மணல் துகள் வந்தால் அதைத் தனக்குள் புதைத்துக்கொள்ளும், ஷாஃப்டைக் கீற விடாது. எண்ணெயே வராமல் போனால் தான் உருகி ஷாஃப்டைக் காப்பாற்றும்.

புரியவில்லை என்றால் வீட்டு ஈயச்சொம்பை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் வெள்ளீயம்தான். உள்ளே ரசம் இருக்கிற வரைக்கும் அடுப்பில் ஒன்றும் ஆகாது. ரசம் இல்லாமல் வைத்துவிட்டுப் போன் பேசப் போனால் திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. வெள்ளீயம் உருக 232 டிகிரி போதும். கல்யாணமான புதிதில் என் மனைவி அப்படி ஒன்றை உருக்கியிருக்கிறாள். (இதை எழுதப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.) பேரிங்குக்கு ரசம் என்பது எண்ணெய்.

மூணாவது ராடில் உலோகம் வறண்ட ஏரி மண் போல வெடித்து, ஒரு துண்டு பெயர்ந்தே போயிருந்தது. காரணம் ரெண்டு. முன்பு ராலிக்காக வைத்திருந்த ஒரு டிரைவர், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஸ்பார்க் லீவரை எப்போதும் முழுசாக அட்வான்ஸில் வைத்து ஓட்டியிருக்கிறார். மெதுவாகப் போகும்போது அப்படி வைத்தால் பிஸ்டன் மேலே வருவதற்குள் தலையில் அடி விழும். அந்த அடி அத்தனையும் பேரிங்குக்கு. ரெண்டாவது, அதற்கு முன் வேலை பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப். ராடுக்கும் மூடிக்கும் நடுவே மெல்லிய தகடுகள், ஷிம், அடுக்கியிருக்கும். பேரிங் தேயத் தேய ஒவ்வொரு தகடாக உருவி இறுக்கிக்கொள்ளலாம். தகடு தீர்ந்தால் புதிதாக மெட்டல் ஊற்ற வேண்டும். அந்த மகானுபாவர்கள் தகடு தீர்ந்ததும் மூடியையே அரத்தால் ராவிவிட்டார்கள். வட்டம் கோழிமுட்டை ஆகிவிட்டது.

பின்பக்கத்து மெயின் பேரிங்கையும் பார்த்தோம். எட்டு தவு ஆட்டம். தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று. இருக்க வேண்டியது ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. நம் தலைமுடியின் கனத்தில் பாதிகூடக் கிடையாது. ஆக, இஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். ராலி போச்சு.

ஓடு மாட்டும்படி பிளாக்கைக் குடைந்துகொள்ளவும் வழி இருக்கிறது, அமெரிக்காவில் செய்கிறார்கள் என்று இணையத்தில் படித்துவிட்டுச் சொன்னேன். மேசோமஷாய் ஒப்புக்கொள்ளவில்லை. "என் பல்லைக்கூட இன்னும் மாற்றவில்லை" என்றார். அது பிடிவாதம் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊற்றுகிறவரைத் தேடி மல்லிக் பஜார் முழுக்க அலைந்தோம். எல்லோரும் கையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டினார்கள். ஹௌரா, பெலிலியஸ் ரோடு. அந்த ரோட்டையும் அதன் சந்துகளையும் பார்க்காதவர்களுக்குச் சொல்வது கஷ்டம். நம் கோயமுத்தூர் பட்டறைகளை எல்லாம் வாரி ஒரே தெருவில் கொட்டியது போல இருக்கும். பத்தடிக்குப் பத்தடி அறையில் ஒரு லேத், ஒரு மனிதன், ஒரு காளி படம்.

அந்த மிஸ்திரிக்கு அறுபத்தைந்து இருக்கும். ஆற்றில் ஓடும் படகுகளின் இஞ்சினுக்கும் சணல் ஆலைகளுக்கும் பேரிங் ஊற்றுகிறவர். கார் அபூர்வம். நான் அவரை 'தாதா' என்று கூப்பிட்டதை போனில் கேட்டுவிட்டு அம்மா பயந்தே போனாள். இங்கே அண்ணனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று புரியவைக்க ரெண்டு நாள் ஆயிற்று.

முதல் நாளே அப்பா சொல்லியிருந்தார். "ஈயக் கட்டியக் காதுகிட்ட வெச்சு வளைச்சுப் பாரு. நல்ல சரக்குன்னா அழுவும்." எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் மிஸ்திரி அலமாரியிலிருந்து ஒரு நீளக் கட்டியை எடுத்து, எதுவும் பேசாமல் என் காதருகே வைத்து மெல்ல வளைத்தார். கிரீச் என்று உள்ளேயிருந்து ஒரு முனகல். உள்ளே படிகங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியும் சத்தம். காரீயத்துக்கு அந்தச் சத்தம் வராது. கலப்படமும் அங்கேயே தெரிந்துவிடும். இத்தனை விலை விற்கிற சரக்கில் கலப்படத்துக்குக் கேட்க வேண்டுமா. ஈயச்சொம்பு வாங்கும்போதும் இப்படி வளைத்துப் பார்க்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

2020 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நாலு ராடுக்கும் ஊற்றினார். காலை எட்டு மணிக்குப் போய்ச் சாயங்காலம் வரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன்.

பழைய மெட்டலை உருக்கி எடுத்தாயிற்று. இரும்பைச் சுரண்டிப் பளபளப்பாக்கினார். பிறகு புளோ லாம்ப்பால் சூடுபண்ணி, ஒரு துணியால் வெள்ளைத் தூளைத் தொட்டுத் தேய்த்தார். குப்பென்று புகை. அந்த நெடி மூக்கில் ஏறியதும் எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. நவச்சாரம்! 'ஈயம் பூசறதே' என்று கூவிக்கொண்டு துருத்தியோடு வருபவர் எங்கள் பித்தளை அண்டாவில் தேய்ப்பது இதைத்தான். அதே துணி, அதே புகை. ராடின் உள்வட்டம் கண்ணாடி போல வெள்ளையாக மாறியது. இந்தப் பூச்சு பிடித்தால்தான் மேலே ஊற்றும் மெட்டல் இரும்போடு ஒட்டும். ஒட்டாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும், நூறு மைலில் பெயர்ந்துவிடும்.

நடுவில் நிற்கும் இரும்பு உருளைக்கு மண்ணெண்ணெய் விளக்கின் கரியைப் பூசினார், மெட்டல் அதில் ஒட்டாமலிருக்க. சந்துகளைக் களிமண்ணால் அடைத்தார். ராடையும் உருளையையும் மறுபடி சூடாக்கினார். உருக்கிய மெட்டலில் ஒரு மூங்கில் குச்சியை முக்கி எடுத்துப் பார்த்தார். குச்சி பழுப்பாகக் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. ஏறக்குறைய 400 டிகிரி. அவரிடம் தெர்மாமீட்டர் இல்லை.

பிறகு கரண்டியை எடுத்தார். பக்கத்தில் டீ கொண்டுவந்த பையனைக் கையால் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரே மூச்சில், நூல் போல, நிறுத்தாமல் ஊற்றினார். நடுவில் அரை நொடி நின்றாலும் அங்கே ஒரு மடிப்பு விழுந்துவிடும். ஊற்றி முடித்தபின்தான் அவர் மூச்சு விட்டதைப் பார்த்தேன். நானும் அப்போதுதான் விட்டேன்.

ஆறியதும் ராடைத் தொங்கவிட்டு ஒரு சின்னச் சுத்தியலால் தட்டினார். முதலாவது மணி மாதிரி கிண் என்றது. ரெண்டாவதும். மூணாவது ராடு மொத் என்றது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் அதை அடுப்பில் போட்டு உருக்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மூன்று மணி நேர வேலை. 'யாருக்குத் தெரியப்போகிறது' என்று நானாக இருந்தால் நினைத்திருப்பேன். கம்ப்யூட்டரில் நாங்கள் தினமும் நினைக்கிறோம்.

ராத்திரி அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். "கரண்டி ஈரமில்லாம இருந்துச்சா?" என்று கேட்டார். "ஒரு சொட்டுத் தண்ணி இருந்தாலும் வெடிக்கும், கண்ணு. நீ தள்ளி நில்லு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கைல இருக்கறது பின்ன என்ன?"

அப்பாவின் இடது கையில், கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு பழைய தழும்பு உண்டு. தீபாவளிப் பட்டாசு வெடித்தது என்றுதான் சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருந்தார். அதனால் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் பட்டாசே வாங்கவில்லை. உண்மையில் 1964ல், மழைநாளில், ஈரக் கரண்டியை மெட்டலில் விட்டிருக்கிறார். ஏன் பட்டாசு என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பட்டறைன்னு சொன்னா நீ பாக்கோணும்பே. பாத்தா புடிச்சுப் போயிரும். படிக்கோணுமல்ல." அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டார்.

கிராங்க் ஷாஃப்டை இருபது தவு குறைத்து கிரைண்டிங் செய்து வாங்கினோம். ராடுகளைக் கொஞ்சம் இறுக்கமாகவே குடைந்து கொடுத்தார் மிஸ்திரி, மிச்சத்தைக் கையால் சுரண்டிப் பொருத்த. ரெண்டும் வீட்டுக்கு வந்துவிட்டன. மார்ச் நடுவில் பிளாக்கில் மூன்று மெயின் பேரிங்கும் ஊற்றியாயிற்று. ஒரே கம்பியை நுழைத்து மூன்றையும் நேர்கோட்டில் குடைவது பாக்கி. அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரம் ஊரடங்கு.

பிளாக் ஹௌராவில், கிராங்க் என் வராந்தாவில், அப்பா கோயமுத்தூரில். மேசோமஷாயின் கண் ஆபரேஷனும் தள்ளிப் போயிற்று.

அந்த ரெண்டு மாசம் ராடு சுரண்டினேன். பழைய முக்கோண அரத்தைத் தீட்டிச் சுரண்டியாக்க அப்பாதான் வீடியோவில் சொல்லிக்கொடுத்தார். கிராங்க்கில் நீலச் சாயத்தை மெல்லப் பூசி, ராடை மாட்டி ரெண்டு சுற்று சுற்றிக் கழற்றினால் எங்கே தொடுகிறதோ அங்கே நீலம் ஒட்டியிருக்கும். அந்த மேட்டை மட்டும் ஒரு சுரண்டு. மறுபடி பூசு, மாட்டு, சுற்று, கழற்று. ("எங்களுக்கு ஏது நீலம்? சிம்னிக் கரியும் எண்ணெயும்தான்.") முதல் ராடுக்குப் பதினோரு நாள் ஆயிற்று. போனைக் கிராங்க் மேல் சாய்த்து வைத்திருப்பேன். அப்பா அந்தப் பக்கம் காபியோடு உட்கார்ந்திருப்பார். "வாட்டத்துல உடாத. குறுக்க உடு." "அழுத்தாத, அது வெண்ணெய்." சில நாள் ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் எதுவுமே பேசாமல் இருந்திருக்கிறோம், சுரண்டுகிற சத்தம் மட்டும். மழையா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

மே 20ஆம் தேதி ஆம்பன் புயல் அடித்தது. சதர்ன் அவென்யூவில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. எங்களுக்கு நாலு நாள் கரண்ட் இல்லை, போனும் இல்லை. கரண்ட் வந்ததும் மேசோமஷாய் கேட்ட முதல் கேள்வி, "பிளாக்?" மிஸ்திரியின் போன் அடிக்கவேயில்லை. அவர் போனை எடுக்காததற்கு அந்த வருஷம் எத்தனை காரணம் இருக்கலாம் என்று உங்களுக்கே தெரியும். ரெண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு வண்டி பிடித்துப் போனேன். பட்டறையின் கூரைத் தகரம் பாதி இல்லை. பூட்டியிருந்தது. பக்கத்து லேத்காரர் சாவி கொண்டுவந்து திறந்தார். உள்ளே தரையெல்லாம் சேறு காய்ந்து கிடந்தது. பிளாக் தரையில் இல்லை. செயின் பிளாக்கில் மாட்டி ஐந்தடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க கிரீஸ், அதன்மேல் சாக்கு, அதன்மேல் தார்ப்பாய். புயலுக்கு முந்தின நாள் மிஸ்திரி வந்து ஏற்றிக் கட்டிவிட்டுப் போனாராம். பஸ் ஓடாத நேரம். நடந்துதான் வந்திருக்க வேண்டும். அவருடைய சொந்த லேத் மோட்டார் கீழேயே இருந்து தண்ணீர் குடித்திருந்தது.

ரெண்டு வாரம் கழித்து அவரே வந்தார், இளைத்துப்போய். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஜ்வர்" என்றார். காய்ச்சல். அதற்குமேல் சொல்லவில்லை. ஜூலையில் மூன்று மெயினையும் குடைந்து கொடுத்தார். கூரைக்கும் மோட்டாருக்கும் என்று மேசோமஷாய் கொடுத்தனுப்பிய கவரை வாங்க மறுத்து, பிறகு கடன் என்று எழுதிக்கொண்டு வாங்கினார்.

அக்டோபரில் கராஜில் இஞ்சினைப் பூட்ட ஆரம்பித்தோம். இனி என் அசட்டுத்தனம்.

இந்த இஞ்சினில் ராடு பேரிங்குகளுக்குக் குழாய் வழியாக எண்ணெய் வராது. பம்ப் எண்ணெயை மேலே வால்வு அறைக்கு ஏற்றும். அங்கிருந்து அது தானாக வழிந்து மூன்று மெயினுக்கும் போகும், மிச்சம் கீழே சேம்பரின் தொட்டிகளில் நிரம்பும். ஒவ்வொரு ராடின் மூடியிலும் கரண்டி மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ராடு சுற்றும்போது அது தொட்டியில் முங்கி எண்ணெயை அள்ளித் தன் பேரிங்குக்குத் தானே ஊட்டிக்கொள்ளும். ஆகவே கரண்டியின் வாய் சுற்றுகிற திசையைப் பார்த்து, அதாவது கேம் ஷாஃப்ட் பக்கம், இருக்க வேண்டும். அப்பா நாலு தடவை சொல்லியிருந்தார். அவர் பழைய செவர்லே பஸ்களில் கற்றது. அந்த இஞ்சினிலும் இதே கரண்டிதான்.

நாலு ராடையும் மாட்டி, நட்டை முறுக்கி, பிளவு பின்னும் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். முதுகு போச்சு. சேம்பரை மாட்டலாம் என்றேன். மேசோமஷாய் "ஒரு நிமிஷம்" என்று மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அப்போது எதிரில் நிற்பவரின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. கையை நீட்டி ஒவ்வொரு கரண்டியாக விரலால் தடவிக்கொண்டு போனார். ஒன்று. ரெண்டு. மூன்றில் நின்றார். திரும்ப ரெண்டுக்குப் போனார். மறுபடி மூன்று.

"இது பின்னால் பார்க்கிறது."

பார்த்தேன். ஆமாம். மூணாவது ராடு, திருப்பி மாட்டியிருந்தேன். பதினோரு மாத வேலை. இப்படியே ஓட்டியிருந்தால் ஈயச்சொம்பு கதைதான். நான் வெலவெலத்துப் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "மாஷிமாவிடம் சொல்லாதே, டெல்லிக்காரனுக்குப் போன் போட்டுவிடுவாள்" என்றார்.

அப்பாவிடமும் சொல்லவில்லை. (இதைப் படித்தால் தெரிந்துகொள்வார். அக்கா பையன் படித்துக் காட்டுவான்.)

காளி பூஜைக்கு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தோம். பூட்டும்போதே வால்வு அறையில் எண்ணெய் ஊற்றி மெயின்களை நிரப்பியிருந்தோம். சேம்பரில் நாலே முக்கால் லிட்டர். முதலில் பிளக்கைக் கழற்றி வைத்துக் கைப்பிடியால் சுற்றச் சொன்னார் மிஸ்திரி. அவரும் வந்திருந்தார், மாஸ்க்கோடு, புதுச் சட்டையில். கைக்குக் கனமாக, ஆனால் எங்கேயும் பிடிக்காமல், ஒரே சீராகச் சுற்றியது. பிளக்கை மாட்டினோம். மேசோமஷாய் ஏறி உட்கார்ந்து ஸ்பார்க் லீவரை முழுக்க ரிடார்டில் வைத்து, காலால் ஸ்டார்ட்டரை அமுக்கினார். மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

மாஷிமா சங்கு ஊதினார். என் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். நான் போனை எடுத்து ஊருக்குப் போட்டு, எதுவும் சொல்லாமல் இஞ்சின் பக்கத்தில் பிடித்தேன். மேசோமஷாய் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி, விட்டார். ஏற்றி, விட்டார். டக் டக் இல்லை. மிஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

ஒரு நிமிஷம் கழித்து போனைக் காதில் வைத்தேன்.

"கேட்டுச்சுங்களாப்பா?"

"ம். பேரிங் செரியாயிருச்சு." கொஞ்சம் நிறுத்தி, "டேப்பெட் ஒண்ணு சளசளங்குது. அட்ஜஸ்ட் பண்ணலியா?"

"இதுல அட்ஜஸ்ட்மெண்டே இல்லீங்கப்பா. அப்படியே வந்தது. வால்வு காம்பத்தான் ராவோணும்."

"அட்ஜஸ்ட்மெண்டே இல்லியா? என்ற வண்டி கண்ணு இது?" என்றார். பின்னால் அம்மா போனைக் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "இரு புள்ள, பேசிட்டிருக்கோம்ல" என்றார் அப்பா.